வெண்கோட்டையின் கடைசிக் கதவு

11.11.2007, ஞாயிறு
அண்ணன் நேற்று விடியற்காலை பஸ்ஸில் கொழும்புக்குப் போய்விட்டான். தீபாவளிக்கு வந்தவன், தான் வேலை பார்க்கும் துணிக்கடையின் முதலாளி கழித்துப்போட்ட கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு வந்தான். இப்போது தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசைச் சனம் முழுக்க எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில்தான். பாதி விளையாடிய விளையாட்டு ஒன்றையும் என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் எனக்கும் வேறு வேலை இல்லை.

அதில் நான் ஒரு திருடி. வெண்கோட்டைக்குள் புகுந்து அரசனின் முத்திரை மோதிரத்தை எடுக்க வேண்டும். வழியில் மூன்று காவலர்கள். ஒருவன் கண்ணில் பட்டாலும் சிறை, மறுபடி மதிலில் இருந்து ஆரம்பம். மோதிர அறையின் கதவுக்கு முன்னால் மட்டும்தான் ஆட்டத்தைச் சேமிக்கலாம். "கடைசிக் கதவ நான் வந்துதான் தெறப்பேன். அது வரைக்கும் போய்க் காட்டு பாப்போம்," என்று சவால் விட்டிருக்கிறான்.

12.11
இரண்டாவது காவலனிடம் பதினொரு தடவை மாட்டினேன். கழுதை.

13.11
தோட்டத் தலைவர் சோலைமலை மாமா வீட்டு போனுக்கு அண்ணன் பேசினான். "பாப்பா, என் அடையாள அட்ட ஒங்கிட்டயா இருக்கு?"

என்னிடம்தான். எங்கள் வீட்டுக்குப் போன் இணைப்பு எடுக்க அட்டையின் போட்டோ கொப்பி வேண்டும் என்று அவனிடம் வாங்கினேன். மழையில் நனையாமல் இருக்க விளையாட்டு சிடி உறைக்குள் வைத்தேன். வைத்தது வைத்தபடியே இருக்கிறது.

"ஒடனே ரெஜிஸ்டர் தபால்ல போடு. அது இல்லாம இங்க வெளிய எறங்க ஏலாது, தமிழ்ப் பயன்னா புடிச்சிருவாங்க," என்றான்.

14.11
தோட்ட ஆபீசில் இருந்து தபால் பை பத்து மணிக்குப் போய்விடும். ஒன்பதரைக்குத்தான் இரண்டாவது காவலனைத் தாண்டினேன். எழுந்து போக மனம் வரவில்லை. நாளைக்கு.

15.11
மழை. நாளைக்குக் கட்டாயம்.

17.11, சனி
கடைசிக் கதவுக்கு வந்துவிட்டேன். சேமித்தும் விட்டேன். மூன்றாமவன் விளக்கோடு திரும்புவதற்குள் தூண் மறைவில் நின்று, மூச்சையும் அடக்கிக்கொண்டு – எனக்கே சிரிப்பாக இருந்தது, நான் மூச்சு விட்டால் அவனுக்குக் கேட்குமா?

திங்கட்கிழமை அட்டையோடு ஒரு கடிதமும் வைக்கிறேன். கதவுக்கு முன்னால் நிற்கிறேன், வந்து திற என்று.

19.11
தபால் உறையோடு ஆபீஸ் வாசலில் நின்றேன். சோலைமலை மாமா இறங்கி வந்தார். கடை முதலாளி போனில் சொன்னாராம். நேற்றுக் காலையில் அண்ணன் சாப்பாடு வாங்க வெளியே போயிருக்கிறான். தெருவில் போலீஸ் சுற்றிவளைப்பு. அட்டையைக் கேட்டிருக்கிறார்கள், இல்லை என்றதும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உறை என் கையில் இருந்தது. ஒட்டியும் வைத்திருந்தேன்.

20.11
அப்பாவும் மாமாவும் கொழும்புக்குப் போனார்கள். அட்டை, பிறப்புச் சான்றிதழ், தோட்ட மேனேஜர் துரை எழுதிக் கொடுத்த கடிதம். அம்மா கொழுந்து பறிக்கப் போகவில்லை.

"ஏன்டி பாப்பா, அன்னைக்கே போட்டிருக்கலாமே?"

மறந்துட்டேன்மா என்றேன். மறக்கவில்லை. ஒரு நாளும் மறக்கவில்லை. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

24.11
அப்பா அண்ணன் இல்லாமல் மாமாவோடு திரும்பி வந்தார். ஒரு போலீஸ் ஸ்டேஷனில் இல்லை என்றார்களாம், இன்னொன்றுக்குப் போகச் சொன்னார்களாம், அங்கேயும் இல்லையாம். "அட்டையக் காட்டுனேன். புடிக்கிறப்ப கையில இருந்திருக்கணும்னு சொல்றாங்க."

அவர் சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் என்ன செய்ய? யாரிடம் போய்ச் சொல்ல? சொன்னால் விட்டுவிடுவார்களா?

2.12
கம்ப்யூட்டரைப் போட்டேன். திருடி அதே கதவுக்கு முன்னால் நிற்கிறாள். திறக்கவில்லை. அவன் வந்து திறக்கட்டும். நான் தொடாமல் இருந்தால் அவன் வருவான் என்று ஒரு எண்ணம். அம்மா மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறாள். எனக்கு இதுதான் இருக்கிறது. பைத்தியக்காரத்தனம் என்று தெரியும்.

11.12
ஒன்றும் இல்லை. அப்பா மறுபடி போயிருக்கிறார்.

19.12
வந்துவிட்டான்.

ஒரு மாதம் உள்ளே வைத்திருந்து விட்டுவிட்டார்களாம். மத்தியானம் அப்பாவோடு வேனில் வந்து இறங்கினான். தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அவன் அழவில்லை. "அட்ட எங்க?" என்று அப்பாவிடம் கேட்டு வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான்.

21.12
பீலித் தண்ணீரில் குளிக்கும்போதும் அட்டையைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் செருகிக்கொள்கிறான். அங்கே என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

23.12, ஞாயிறு
இன்றைக்குச் சொல்லிவிட்டேன். மறக்கல அண்ணே, வெளையாடிக்கிட்டு இருந்துட்டேன் என்று. அடிப்பான் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவன் கம்ப்யூட்டரைப் போட்டான்.

"கதவு வரைக்கும் போனியா?"

"போனேன். தெறக்கல."

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பழைய மாதிரி மௌசைப் பிடித்தான். கதவு திறந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாத நாலாவது காவலன் ஒருவன் உள்ளே இருந்தான். விளக்கைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்து, யார் நீ, அனுமதிச் சீட்டைக் காட்டு என்று இங்கிலீஷில் கேட்டான்.

அண்ணன் மௌசை விட்டுவிட்டான். கை சட்டைப் பைக்குள் போய் அட்டையை எடுத்துத் திரைக்கு நேரே நீட்டியது.

திருடியைச் சிறையில் அடைத்தார்கள். மதிலில் இருந்து மறுபடி ஆரம்பிக்கவா என்று விளையாட்டு கேட்டது. அண்ணன் இன்னும் கையை இறக்கவில்லை.