அத்தான் ஏறாத படகு

என் அத்தானுக்கு,

நீங்கள் கண்மூடி ஒரு வருஷம் ஆகிறது. இதற்குள் நான் காஷ்மீர் போய்வந்துவிட்டேன். சங்கரன்கோவிலை விட்டு ஓர் அடி நகராமல், நம் வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தபடியே. சிரிக்காதீர்கள்.

நம் மகள் செல்வி சென்னையிலிருந்து ஒரு விஆர் கண்ணாடி கொண்டுவந்தாள். கண்ணை முழுதாக மறைக்கும் பெரிய கண்ணாடி. மாட்டிக்கொண்டால் திரும்புகிற பக்கமெல்லாம் வேறு ஊர் தெரிகிறது. அவள் சும்மா கொண்டுவரவில்லை. சித்திரையில் நிஜக் காஷ்மீருக்கே என்னைக் கூப்பிடுகிறாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நீங்கள் கூட்டிப்போவதாகச் சொன்ன ஊர். நீங்கள் இல்லாமல் எப்படிப் போவது என்று மாதக்கணக்காக மழுப்பிக்கொண்டிருந்தேன். டிக்கெட் போட இன்றுதான் கடைசி நாள் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

கண்ணாடியின் வாரைத் தலையில் மாட்ட என் கொண்டை இடைஞ்சலாக இருந்தது. அவிழ்த்துப் பின்னிக்கொண்டேன். பிறகு பார்த்தால், எப்படிச் சொல்ல, தால் ஏரி! தண்ணீருக்குள் தலைகீழாக மலை. எதிரே படகுக்காரர், கையில் துடுப்பு. நம் மின்விசிறிக் காற்றே ஏரிக் காற்றாகிவிட்டது. நனைந்துவிடுமென்று சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டேன். எலுமிச்சை மூட்டை வாசத்தோடு புளியங்குடி பஸ்ஸில் கண்டக்டராகவே காலம் கழித்த உங்களுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொண்டிருக்குமா?

படகு நகர்ந்தது. எனக்குப் பதறிப்போயிற்று. குடும்பத்தோடு திருச்செந்தூர் போனாலும் எங்களையெல்லாம் ஏற்றிவிட்டு, வண்டி உருண்ட பிறகுதானே நீங்கள் தொற்றி ஏறுவீர்கள்?

"நிறுத்துங்க, அவிய இன்னும் ஏறல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். கரை தெரிந்தது, மரங்கள் தெரிந்தன. நீங்கள் இல்லை. காரியம் முடிந்த அன்றுகூட எனக்கு இப்படி உறைக்கவில்லை, அத்தான். கண்ணாடிக்குள்ளேயே அழுதேன்.

செல்விதான் கழற்றிவிட்டாள். அவளும் அழுதிருந்தாள். டிக்கெட் வேண்டாம், தெரியாமல் செய்துவிட்டேன் என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, டிக்கெட்டப் போடு. நான் வாரேன்" என்றேன்.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சித்திரையில் அந்தப் படகு கிளம்பும்போது நிறுத்தச் சொல்ல மாட்டேன். மகள் பக்கத்தில், முன்னால் பார்த்து உட்கார்ந்திருப்பேன்.

உங்கள் மாமன் மகள்,
கோமதி