வலி இல்லாத பதினாறு நாள்

மார்ச் 5, வியாழன்

எட்டு மணிக்கே வெயில் கொளுத்துது. தண்ணி லாரி வரல. ஆபீஸுக்கு இன்னைக்கும் லேட்டு.

மக மெர்லினோட வலி நோட்டு எழுதியாச்சு. பூஜ்யம். நேத்தும் பூஜ்யம். பின்னாடி புரட்டி எண்ணினேன். தவக்காலம் தொடங்குன திருநீற்றுப் புதன்ல இருந்து சேர்ந்தாப்புல பதினாறு நாள் வலி இல்ல! ரெண்டு வருஷத்துல இப்படி ஒரு தடவ கூட இருந்ததில்ல. பதினொரு வயசுப் பிள்ள. கணையத்துல கல்லு, குழாய்ல அடைப்பு. ரெண்டு தடவ ஸ்டென்ட் வச்சு எடுத்தாச்சு.

மதுரை டாக்டர் போன தடவ சொன்னது, மறந்துராம இருக்க:
– தினமும் வலிக்கு 0–10 மார்க். பிள்ளையே சொல்லணும். நாம ஊகிக்கக் கூடாது.
– வலி குறைஞ்சா ஆபரேஷனத் தள்ளிப்போடலாம்.
– குறையலேன்னா தள்ளவே கூடாது. கணையம் இன்னும் கெடும், பிறகு சுகரும் வரும்.
19ஆம் தேதி முடிவு.

இவுக, மெர்லின் அப்பா, ஹார்பர்ல டக் போட் டூட்டி முடிஞ்சு வந்ததும் நோட்டக் காட்டினேன். "பாத்தியாளா, மாதா கைவிடல. பிள்ள மேல கத்தி வைக்க வேண்டாம்." குடும்ப ஜெபத்துல இவுக தினமும் சத்தமா வேண்டுதது இது ஒண்ணுதான்.

எனக்கும் நிம்மதி. சாயங்காலம் ரெண்டு முழம் மல்லி வாங்கி வச்சேன். சும்மாத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிஞ்சு மருந்துக்கடையில எடை பாத்தோம். 26.8. போன மாசம் 27.5. மிஷின் சரியில்லன்னு கடை அண்ணாச்சிகிட்ட சண்ட போட்டேன். அவர் தானே ஏறி நின்னு காட்டுனார். மிஷின் சரியாத்தான் இருக்கு.

மத்தியானம் அவிச்ச கிழங்கா மீன், எண்ணெய் இல்லாம. பாதி தட்டுலயே. செரிக்கதுக்குச் சாப்பாட்டோட போடுத கேப்ஸ்யூல் போட்டாச்சு. பிறகு ஏன் எடை குறையுது?

"ஏளா, வலிக்கா?"
"இல்லம்மா."
"நெசமா?"
"எத்தன தடவதான் கேப்பீங்க?"

வாய் மட்டும் குறையல, என்னை மாதிரியே. பூஜ்யம் எழுதினேன். பிறகு வந்து பாத்தா கால மடக்கி ஒருச்சாஞ்சு கிடக்கா.

மார்ச் 13, வெள்ளி



கோயிலுக்கு, சிலுவைப்பாதை ஜெபத்துக்குக் கிளம்பும்போது ஜெபப் புத்தகத்தக் காணோம். மெர்லினோட மறைக்கல்வி வகுப்புப் பையத் துழாவினேன். ஒறுத்தல் அட்டை வந்துச்சு. தவக்காலத்துக்கு, வகுப்பு எடுக்குத சிஸ்டர் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தது. ஆசைப்பட்டத ஒண்ண விட்டாலோ, ஒரு கஷ்டத்த முணங்காம தாங்கினாலோ கட்டத்துல ஒரு சிலுவை போடணும். வெளிய சொல்லக் கூடாது, சொன்னா புண்ணியம் போயிரும். மத்த பிள்ளைக மிட்டாய விடும், செல்போன விடும்.

இவ அட்டையில பத்தொம்பது சிலுவை. ஒவ்வொண்ணுக்குப் பக்கத்துலயும் பொடிசா ஒரு நம்பர். 6. 7. 5. 8. 8.

எல்லாமே நான் பூஜ்யம் எழுதின நாளு.

கத்திட்டேன். தெருவே கேட்டிருக்கும். அவ அழவே இல்ல. "அப்பா ஆபரேஷன் வேண்டாம்னு வேண்டுதாங்கல்ல. நான் அதுக்குத்தான் வலியத் தாங்கி ஒப்புக்கொடுத்தேன்."

இவுக வாசல்ல ஒரு செருப்ப மாட்டுனவுக அப்படியே நின்னுட்டாக. பிறகு உள்ள வந்து அவ கட்டில் பக்கத்துல தரையில உக்காந்தாக.  சிலுவைப்பாதைக்கு யாரும் போகல.

பாவி, நான் எப்படிக் கவனிக்காம போனேன்? பூஜ்யம் எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதான்.

மார்ச் 14, சனி

சிஸ்டர் வீட்டுக்கே வந்தாங்க. முகம் செத்துப்போய் இருந்துச்சு. "நான் மிட்டாய நெனச்சுச் சொன்னேன் மெர்லின். நோவ மறைக்கச் சொல்லல. என் தப்புதான்."

அவங்களத் திட்டணும்னு ராத்திரியே வார்த்தை எல்லாம் சேத்து வச்சிருந்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன்.

போகும்போது அவகிட்ட: "ஈஸ்டர் வரைக்கும் உனக்கு ஒரே ஒறுத்தல். வலிச்சா உடனே அம்மாட்ட சொல்லணும்."
"அது ரொம்பக் கஷ்டம் சிஸ்டர். சொன்னா அம்மா மூஞ்சி ஒரு மாதிரி ஆயிரும்."

கண்ணாடி பாத்தேன். ஆகத்தான் செய்யுது.

மார்ச் 19, வியாழன்

மதுரை. ஆறு மணி பஸ். இவுக லீவு போட்டு வந்தாக.

நோட்ட அடிச்சுத் திருத்திக் கொண்டுபோனேன், அட்டையையும் வச்சேன். டா. அட்டைய ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்தார். "இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்ல"ன்னார். மெர்லினுக்குப் பெருமை தாங்கல. எனக்கு வயித்தெரிச்சல்.

ஸ்கேன்ல குழாய் வீங்கியிருக்கு, கல்லு திரும்பவும். சுகர் நார்மல். கணையத்த எடுக்க வேண்டிய கட்டம் இல்லியாம். குழாயத் திறந்து, கல்ல எடுத்து, குடலோட சேத்துத் தைப்பாங்களாம். "வலி முழுசாப் போயிரும்னு சத்தியம் பண்ண மாட்டேன். நிறைய பிள்ளைகளுக்கு நல்லாக் குறையுது. இவளுக்கு இப்பவே செய்யதுதான் நல்லது."

இவுக கேட்டது: "பிள்ள தாங்குமா சார்?"
டா.: "பத்தொம்பது தடவ தாங்கியிருக்காளே. இனி தாங்க வேண்டாம்னுதான் சொல்லுதேன்."

அவ கேட்டது: "பிறகு புரோட்டா திங்கலாமா?" டா. சிரிச்சுட்டு, அத மெதுவாப் பாக்கலாம்னார்.

ஆபரேஷன் ஈஸ்டர் முடிஞ்ச மறுவாரம். சரின்னுட்டோம். திரும்பி வரும்போது மூணு பேரும் பஸ்ல நல்ல தூக்கம். பயம் இருக்கு, ஆனா மனசு லேசா இருக்கு. தேதி குறிச்சாலே பாதி பாரம் போயிருது போல.

மார்ச் 22, ஞாயிறு

புழுக்கம். துணி ஊறப்போட்டாச்சு. மிளகாப்பொடி தீந்துபோச்சு.

மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். அடுப்படியில மீன் கழுவிட்டு நிக்கேன். பின்னால வந்து நைட்டியப் பிடிச்சு இழுக்கா.

"அம்மா, வலிக்கி. ஏழு."

தானா வந்து சொல்லுதது இதுதான் முதல் தடவ. பிள்ளைக்கு வலின்னதும் சந்தோஷப்படுத தாய் நான் ஒருத்தியாத்தான் இருப்பேன். மூஞ்சி மாறிராம பிடிச்சு வச்சுக்கிட்டு மாத்திரை கொடுத்தேன். மடியில படுத்தவ முதல்ல பல்லக் கடிச்சா. "ஏளா, கத்தணும்னா கத்து"ன்னேன்.

கத்துனா பாரு, மேல் வீட்டுக்காரவுக இறங்கி வந்துட்டாக.