நீங்கள் சொன்ன ஆறு எண்கள்

விருத்தாசலம்
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை நேரம்

அன்பு மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மகளும் சுகம். இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மூக்கு உங்களுடையது, பிடிவாதம் மாமியுடையது. பால் கொடுக்க ஒரு நிமிஷம் தாமதமானாலும் தெருவுக்கே கேட்கும்படி அழுகிறாள். மாமிக்கு அதில் அத்தனை பெருமை. “எங்க வூட்டுத் தொண்ட” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். செராமிக் கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் இருந்த துர்காவும் மற்றவர்களும் நேற்று வந்து, தாங்களே பூப்போட்டுச் சுட்ட ஒரு சின்னக் கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பீர்கள். போன் வந்தால் மாமி ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இது உங்களுக்கு மட்டும். பரக்கத்துல்லா மாமா ஞாயிற்றுக்கிழமை தோஹா வருகிறார். அவரிடம் ஒட்டிக் கொடுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேலை நேரத்தில் உங்களைக் கூப்பிட்டு, “உங்க இந்தியா நம்பருக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க” என்று கேட்டேன் அல்லவா? எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் ஆறு எண்களையும் சொன்னீர்கள். “பதட்டப்படாத, நான் இருக்கேன்” என்றும் சொன்னீர்கள். எதற்கு என்பதை இப்போது சொல்கிறேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு உண்டு, மச்சான்.

கடைசியாக வந்து ஆறு வருஷம் ஆகிறது. பாண்டிச்சேரி டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிடுவதால் வரவில்லை. நிக்காஹ் பேசும்போது அத்தா யாரிடமும் சொல்லக் கூடாது என்றார். சொன்னால் உங்களை இழந்துவிடுவேன் என்று நானும் பயந்தேன். மாத்திரைகளைப் பிரித்துச் சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். மாதாமாதம் அம்மா கொண்டு வந்தது பலகாரம் மட்டும் இல்லை. இங்கே விருத்தாசலம் ஆஸ்பத்திரியில் செக்கப்புக்குப் போன ஒவ்வொரு முறையும் வேறு மருந்து சாப்பிடுவது உண்டா என்று கேட்டார்கள். மாமி பக்கத்தில் இருப்பார். இல்லை என்றே சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலை பிரசவ வலி வந்து அங்கே போனபோது பிரஷர் ஏறிவிட்டது. கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். அன்பரசி என்ற நர்ஸ் மாமியிடம், “டீ குடிச்சிட்டு வாங்கம்மா, அனுப்புறதுக்கு முன்னாடி எல்லார்கிட்டயும் தனியா பேசறதுதான்” என்று சொல்லி வெளியே அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டார். குழந்தையை நினைத்தேன். சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லவேளை சொன்னீங்க. இது தெரியாம வலிப்பு வந்தா, பிரஷராலதான்னு நெனச்சு வேற வைத்தியம் பாத்துடுவாங்க” என்றார். ஆனால் மாத்திரையின் பெயர் எனக்கு வாயில் நுழையாது, எத்தனை மில்லிகிராம் என்றும் தெரியாது. பாண்டிச்சேரியிலிருந்து என் பழைய ரெக்கார்டை வரவழைக்க வேண்டும், அதற்கு என் சம்மதம் வேண்டும் என்றார். எதை, யாருக்கு, எத்தனை நாளைக்குக் காட்டலாம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிப்பு வைத்தியம் மட்டும், இந்த ஆஸ்பத்திரிக்கும் கடலூர் ஆஸ்பத்திரிக்கும், மூன்று மாதம் என்றேன். என் ஹெல்த் கார்டில் உங்கள் நம்பர் இருந்ததால்தான் அந்த ஓடிபி உங்களுக்கு வந்தது.

மாமி திரும்பி வந்து என்ன பேசினீர்கள் என்று துருவினார். அன்பரசி சிரித்துக்கொண்டே, “அவங்க விஷயத்த அவங்கதாம்மா சொல்லணும்” என்றார். வடலூர் தாண்டும்வரை ஆம்புலன்ஸில் மாமி, “எனக்குத் தெரியாம என்னா ரகசியம்?” என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஆனால் என் கையை விடவே இல்லை.

கடலூரில் இறங்கியதும் ஒரு பெண் டாக்டர் குனிந்து என் காதருகில், “உமைராதானே? காலை மாத்திரை போட்டீங்களா?” என்று மெதுவாகக் கேட்டார். இல்லை என்றேன். உடனே அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். இரண்டு வருஷமாக ஒளித்து ஒளித்துச் சாப்பிட்டதை முதல் முறையாக இன்னொருவர் தண்ணீர் கொடுக்கச் சாப்பிட்டேன். அழுகை வந்துவிட்டது. மாமி வலியால் அழுகிறேன் என்று நினைத்து துஆ ஓதினார். மூன்று மணிக்கெல்லாம் மகள் வந்துவிட்டாள். வலிப்பு வரவில்லை. தாய்ப்பால் கொடுக்கலாம், மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் என் ரெக்கார்டை யார் யார் பார்த்தார்கள் என்று போனில் பார்த்தேன். நான் சொன்ன இரண்டு ஆஸ்பத்திரிகள் மட்டும்தான். அதன் பிறகு கார்டில் உங்கள் நம்பருக்குப் பதிலாக என் நம்பரைப் போட்டுக்கொண்டேன். வருத்தப்படாதீர்கள். உங்களை நம்பாமல் அல்ல, இனி நானே சொல்லிப் பழக வேண்டும் என்றுதான். மாமியிடமும் நானே சொல்வேன். உங்களுக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறேன்.

மகளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அவளுடைய அத்தா சொல்லட்டும் என்று தடுத்து வைத்திருக்கிறேன். கோபம் இருந்தால் ஆறும்வரை நீங்கள் என்னோடு பேச வேண்டாம். பெயரை மட்டும் அனுப்பிவிடுங்கள், மச்சான். அல்லாஹ் உங்களை நல்லபடியாக வைத்திருக்கட்டும்.

உங்கள்
உமைரா