இரண்டாம் அறையின் துடிப்பு

நாள் 2114, 06:10. வழக்கமான பதிவு

முதலில் ஒரு திருத்தம். பூமியிலிருந்து நேற்று வந்த இயங்குதள மேம்படுத்தலோடு ஒரு குறிப்பும் இருந்தது. அதில் என்னை விதவை என்று எழுதி அனுதாபம் தெரிவித்திருக்கிறார்கள். தேதி இல்லை, கையொப்பம் இல்லை. நான் விதவை அல்ல. என் கணவர் இன்னாசி இக்கப்பலின் இரண்டாம் அறையில் குளிர் உறக்கத்தில் இருக்கிறார். பூமிக்குத் திரும்பும்வரை அறையைத் திறந்தால் உயிர் போய்விடும். ஆகவே கண்காணிப்புத் திரையில்தான் அவரைப் பார்க்கிறேன். நிமிடத்துக்கு 38 துடிப்பு. மாறாதது நல்ல அறிகுறி என்கிறது கையேடு.

வழக்கம்போல் ஆறு மணிக்குப் பூமியின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கார்மேகத்தின் குரல் வந்தது. "சாப்பாடு ஆச்சா மேடம்? சார் குடுத்து வச்சவரு, தூங்கிக்கிட்டே சம்பளம் வாங்குறாரு. நாங்கதான் முழிச்சுக்கிட்டுக் கெடக்கோம்." பின்னணியில் டம்ளர் விழுந்தது. அவருக்குத் தெரிந்த நகைச்சுவை இது ஒன்றுதான், தினமும் இதேதான், கண்டித்தும் பயனில்லை. ஆனால் இறந்தவரைப் பற்றி யாரும் இப்படிப் பேசமாட்டார்கள்.

நாள் 2114, 14:30. பழுது

மேம்படுத்தலை இன்று நிறுவியபின் கண்காணிப்பு நிரல்கள் மூன்றும் நின்றுவிட்டன. புதிய இயங்குதளம் உணரிகளின் பெயர்களை மாற்றியிருக்கிறது. நிரல்கள் பழைய பெயர்களையே கூப்பிட்டுக்கொண்டிருந்தன. காற்று, மின்சாரம் இரண்டையும் திருத்தினேன். இரண்டாம் அறையின் நிரலையும் திருத்தி, மேம்படுத்தலோடு வந்த புதிய நிரலை அதன் பக்கத்தில் ஓடவிட்டேன்.

பழையது: 38. புதியது: 0.

புதியதில்தான் பிழை என்று கொள்கிறேன்.

நாள் 2115, 09:00. சோதனை

கான்வென்ட்டில் சிஸ்டர் ஃபெலிசிட்டா வெறும் விடைக்கு மதிப்பெண் தரமாட்டார். வழிமுறை வேண்டும்.

அறையின் வெளிப்பக்கத்து உணரியைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டினேன். பழையது 84, புதியது 84. உணரியில் பழுதில்லை.

மறுபடி அறையில் பொருத்தினேன். புதியது 0. பழையது 84.

உறக்கத்தில் இருப்பவருக்கு 84 வராது. அது என்னுடையது.

உணரியின் கம்பியை உருவினேன். அப்போதும் 84.

நாள் 2115, 11:40

நிரலைத் திறந்து படித்தேன். இன்னாசி எழுதியது. பதில் வராவிட்டாலும், பூஜ்யம் வந்தாலும், கடைசியாகக் கிடைத்த எண்ணையே காட்டச் சொல்லியிருக்கிறார். வீட்டிலும் நின்றுபோன கடிகாரத்தைச் சுவரிலிருந்து கழற்ற விடமாட்டார். "வெறும் செவரு ஒனக்குப் பிடிக்காது பிலோ" என்பார். எனக்கு ஒன்றுமில்லை. அவருக்குத்தான் பிடிக்காது.

எந்த நாளில் போனார் என்று தெரியவில்லை. அந்த 38க்குத் தினமும் காலை வணக்கம் சொன்னேன். அதையும் நானே அழித்துவிட்டேன். இப்போது அவர் பெயருக்கு நேரே என் துடிப்பு நிற்கிறது. அணைக்க மனம் வரவில்லை.

முதல் பதிவின் திருத்தத்தை நீக்குகிறேன். குறிப்பு சரி.

அப்படியானால் கார்மேகம்...

நாள் 2116, 05:50

குரல் இணைப்பின் நிரலும் இன்னாசி எழுதியதுதான். ஆண்டெனாவின் கம்பியைக் கழற்றிவிட்டேன். இனி வெளியிலிருந்து எதுவும் வர வழியில்லை. காத்திருக்கிறேன்.

06:00

"சாப்பாடு ஆச்சா மேடம்? சார் குடுத்து வச்சவரு, தூங்கிக்கிட்டே"

டம்ளர் விழுந்தது.

06:04

ஆண்டெனாவை மீண்டும் பொருத்திவிட்டேன். இதைப் பெறுபவர் யாராயினும், எழுத்தில் பதில் அனுப்பவும். தேதியிட்டு, பெயரெழுதி. குரல் வேண்டாம்.