தலையாட்டச் சொன்னவளுக்கு

இன்றைக்குக் காலையில் அந்த மூட்டையை அவிழ்த்தேன். டாரட் சீட்டுகளைச் சுற்றி வைக்க, உன் பழைய சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாயே, அதே துணி. முடிச்சைப் பிரித்ததும் உன் பார்லர் வாசனை மூக்கில் ஏறியது. ப்ளீச் கிரீமும் மருதாணியும் கலந்த நெடி. நீ கண்ணை மூடி எட்டு மாதம் ஆகிறது. போன மாதமாக இருந்தால் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதிருப்பேன். இன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. ஏன் என்று சொல்கிறேன், கேள். இந்த ஒரு முறையாவது குறுக்கே பேசாமல் கேள்.

நமக்கு நாற்பது வயது முடிந்த பிறகுதான் எனக்கு இந்த டாரட் கிறுக்குப் பிடித்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் உன் பார்லர். பள்ளிக்கூட ஆபீஸில் வேலை முடிந்ததும் நான் நேரே அங்கேதான் வருவேன். எழுபத்தெட்டுப் படச் சீட்டுகள். வந்தவர் ஒரு கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு சீட்டை எடுக்க, படத்தைப் பார்த்து நான் பலன் சொல்ல வேண்டும். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் பூசைக்குப் போகிறவள் இதைத் தொடலாமா என்று பயந்து, வாங்கிய சீட்டை இரண்டு வாரம் பீரோவில் பூட்டி வைத்திருந்தேன். “சாமி கோவிச்சுக்கிட்டா நான் பேசிக்கிறேன், நீ பிரிடி” என்றாய். எனக்கு நானே போட்டுப் பார்க்கும்போது எல்லாம் சரளமாக வந்தது. எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முதலில் உட்கார்ந்த அம்மா நினைவிருக்கிறதா? தலைக்கு டை பூசிக்கொண்டு காத்திருந்தவர். “வீட்டுல ஒரு பிரிவு தெரியுதுங்கம்மா” என்றேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, “அப்பிடி ஒண்ணும் இல்லையே” என்றார். அவ்வளவுதான். நான் எழுந்துபோய்ப் பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். நீ வெளியே நின்று கதவைத் தட்டினாய். “ஏய், வெளிய வாடி. அந்தம்மாவுக்கு டை காஞ்சுபோச்சு. தலையக் கழுவணும், தண்ணி உள்ளதான் இருக்கு.” அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். உன்னிடம் எனக்குப் பிடித்ததே அதுதான்.

அடுத்த வாரத்திலிருந்து, “ஆளுகள நான் அனுப்புறேன். நீ பாட்டுக்குச் சொல்லு, அம்புட்டும் நல்லா வரும்” என்றாய். வந்தது. மெஹந்தி காயக் காத்திருந்த பெண்கள், ஃபேஷியலுக்கு வந்தவர்கள் என்று ஒவ்வொருவராக என் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். நான் திக்கித் திணறிச் சொன்னாலும் தலையாட்டினார்கள். எழுந்திருக்கும்போது எல்லோரும் ஒன்றுபோல, “புட்டுப் புட்டு வச்சுட்டீங்கக்கா” என்றார்கள். அதெப்படி அத்தனை பேருக்கும் அதே வார்த்தை வாயில் வந்தது என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டும். புகழ்ச்சியைக் கேட்கிற நேரத்தில் யார் யோசிக்கிறார்கள்? என் கை நடுக்கம் நின்றது. குறிப்புப் புத்தகத்தைப் பார்க்காமல் பேசப் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று, எனக்கு ஏதோ வாய்த்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைப்பதற்கில்லை.

போன வாரம் பூ மார்க்கெட்டில் பாண்டியம்மாளைப் பார்த்தேன். ஆத்தூர்ப் பக்கம் மல்லிகை போட்டிருப்பவள், கல்யாணப் பெண்களின் சடைக்கு உனக்குப் பூ கொண்டுவந்து கொடுத்தவள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் பூக்கூடையோடு வந்தவளை என் எதிரில் உட்கார்த்தினாய். கடல் தாண்டி ஒரு வேலை அவளுக்குக் காத்திருக்கிறது என்று அடித்துச் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அதை நினைத்துக்கொண்டு, “என்னம்மா, வெளிநாட்டுக்குப் போகலையா?” என்று சும்மா கேட்டேன்.

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள். “நான் ஆத்தூர் டேமத் தாண்டுனதே இந்தத் திண்டுக்கல்லுக்குத்தேன், எங்கிட்டுக்கா கடல்? பார்லர் அக்காதேன் சொன்னாக. அவ என்ன சொன்னாலும் தலைய ஆட்டு, முடிச்சதும் புட்டுப் புட்டு வச்சுட்டீகன்னு சொல்லு, உனக்கு ஓசியா ஐப்ரோ எடுத்துவிடுறேன்னாக. எல்லாருக்கும் அப்பிடித்தேன். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற. இப்ப அவுகளே போயிட்டாக, இனி என்னன்னுதேன் சொல்றேன்.”

மார்க்கெட் இரைச்சல் எதுவும் என் காதில் விழவில்லை. அவள் அதோடு விட்டிருக்கலாம். “அன்னிக்கு நெசமாவே ஒண்ணு கேக்கணும்னு இருந்துச்சுக்கா” என்றாள். அவளுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை. தங்கை வடமதுரையில் புதுவீடு கட்டி ஊரையே கூப்பிட்டாள், இவளுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கூப்பிடாத வீட்டுக்குக் கூடப்பிறந்தவள் என்ற உரிமையில் போகலாமா, கூடாதா? அதைத்தான் கேட்க நினைத்திருக்கிறாள். “தலைய மட்டும் ஆட்டச் சொன்னாகளா, வாயத் தொறக்கலக்கா.” அவள் போகவும் இல்லை. மூன்று வருஷமாக இன்னும் பேச்சில்லை.

வீட்டுக்கு வந்து உன் போட்டோவைத் திருப்பி வைத்தேன். சின்னப்பிள்ளைத்தனம்தான். எனக்கு வேறு என்ன செய்யத் தெரியும்? நீ பாசத்தில் செய்தாய் என்பது தெரியாமல் இல்லை. பாத்ரூமில் அழுதவளை மறுபடி அழவிடக் கூடாது என்று நினைத்திருப்பாய். என்னை ஏமாற்றினாய், அது நமக்குள். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வந்த ஒருத்தியின் வாயை அடைத்து என் முன்னால் உட்கார்த்தினாயே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. நானும் கூட்டாளிதான், தெரியாமலேயே.

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்கு வா” என்று பாண்டியம்மாளிடம் மார்க்கெட்டிலேயே சொல்லியிருந்தேன். இன்றைக்குப் பூசை முடிந்து வருவதற்குள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். புருவம் பழையபடி காடாக வளர்ந்திருந்தது. துணியை விரித்து மூன்று சீட்டு எடுக்கச் சொன்னேன். “தலையாட்டக் கூடாது. பொருந்தலைன்னா இல்லைன்னு சொல்லணும்” என்றேன். “சரிக்கா” என்றாள், தலையாட்டிக்கொண்டே.

முதல் சீட்டில் இரண்டு பேர் ஆளுக்கொரு கோப்பையை ஏந்தி நின்றார்கள். “தங்கச்சியும் உன்னைத் தேடுறா” என்றேன். “இல்லக்கா. போன வாரம்கூட பஸ்ஸுல பார்த்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டா.” இரண்டாவது சீட்டைப் பார்த்து, நடுவில் யாரோ மூட்டிவிட்டிருக்கிறார்கள் என்றேன். “அதுவும் இல்ல. நான் பேசுன பேச்சுதேன்.”

கை நடுங்கத் தொடங்கியது. பாத்ரூம் கதவு நாலடி தூரத்தில் இருந்தது. கதவைத் தட்ட நீ இல்லை. எழுந்திருக்காமல் தொடையில் கையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “அப்ப என்ன பேசுன, சொல்லு” என்றேன். சொன்னாள். இங்கே எழுத மாட்டேன், அது அவளுடையது. செத்த நேரம் அழவும் செய்தாள்.

மூன்றாவது சீட்டில் ஐந்து பேர் ஆளுக்கொரு கம்பைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நின்றார்கள். எனக்கு எதுவும் தோன்றவில்லை. தோன்றவில்லை என்றே சொன்னேன். “இதுல நீ யாரு?” என்று மட்டும் கேட்டேன். வெகுநேரம் பார்த்தாள். விரலை எவன்மேலும் வைக்கவில்லை. “யோசிக்கிறேன்க்கா” என்று எழுந்தாள். வாசல் வரை போனவள் திரும்பி, “அடுத்த வாரமும் வாரேன்” என்றாள். புட்டுப் புட்டு வைத்ததாகச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு கையைப் பார்த்தேன். நடுக்கம் நிற்கவில்லை. நீ அனுப்பிய அத்தனை பேர் தலையாட்டியதில் வந்த தைரியம் ஒரே வாரத்தில் உதிர்ந்துவிட்டது. நடுங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தேனே, அதுதான் இனி என்னோடு இருக்கும்போல.

துணியை மடிக்கும்போது இன்னொன்று உறைத்தது. “உனக்குப் போடவாடி?” என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன். “எனக்கெதுக்கு, எனக்குத்தேன் எல்லாம் தெரியுமே” என்று சிரித்து நழுவுவாய். என் எதிரில் நீ ஒருநாளும் உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தால், “நீ சொல்றது தப்புடி” என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டி வந்திருக்கும். சொல்லியிருக்கலாம். அதைத் தாங்குகிறவளாகத்தான் இருந்தேன். உலகத்தில் எல்லோரையும் என்னை நம்புகிற மாதிரி நடிக்க வைத்தாய், நீ மட்டும் என்னை நம்பவில்லை.