ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏன் பல்சக்கரம் போட்டாய், மச்சான்?

என் பிரியத்துக்குரிய மச்சான் இம்தியாஸ்,

உனக்கு என் ஸலாம். நீ மௌத்தாகி ஆறு மாதம். சுபஹு தொழுதுவிட்டு வந்து சாய்ந்தவன் எழும்பவே இல்லை. இன்னும் எனக்கு விளங்கவில்லை. அதைவிட விளங்காத இன்னொன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். கல்பிட்டியில் உன் வீட்டுக் கராஜில் நீ பாதியில் விட்டுப்போன சி.என்.சி. மெஷின். கொம்பியூட்டர் கீறும் கோட்டில் தானே ஓடிப் பலகை வெட்டும் என்றாயே, அதுதான்.

உனக்காக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடிந்த கிழமை தங்கச்சி ரிஸானா என்னைக் கூப்பிட்டாள்.

"நானா, இதை ஓட வைங்க. சிலாபத்தில இருந்து மரவேலை செய்யிற ஒரு பாஸ் போன் எடுத்தாரு. வட்ட ஜன்னலுக்குப் பன்னிரண்டு பலகை வேணுமாம். இவரிட்ட முந்தியே சொல்லி வெச்சதாம். நான் ஓம் எண்டுட்டன்."

நான் போட் எஞ்சின் திருத்துகிறவன். எனக்கு இதில் என்ன தெரியும்? மெஷினின் இரும்புச் சட்டத்தை ஒட்டி முடித்திருந்தாய். மோட்டார் மட்டும் வாங்கவில்லை. நீ குறிப்பெழுதும் கொப்பியில் மூன்று மோட்டார்களின் பெயர். மூன்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. நீயும் குழம்பித்தான் இருந்தாயா?

பெரியதை வாங்கினேன். எஞ்சின் பெரிதென்றால் இழுவையும் பெரிது, அதுதானே என் கணக்கு. மெதுவாக ஓட்டினால் நன்றாக இழுத்தது. வேகத்தைக் கூட்டினால் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. கடைக்காரருக்கு போன் எடுத்தேன்.

"மோட்டாருக்குக் கரண்ட் குடுக்கிற டிரைவர் இதுக்குப் பத்தாது. சின்ன மோட்டாரைப் போட்டு, சப்ளை வோல்டேஜைக் கூட்டுங்க" என்றார்.

சின்னது எப்படி வேகமாக இழுக்கும்? ஆனால் இழுத்தது, மச்சான்.

அடுத்தது உன் பல்சக்கரம். குறுக்குப் பக்கத்தில் மோட்டாரை நேரே, சுற்றிச் சுற்றி நகர்த்தும் அந்த நீள ஸ்க்ரூவோடு சேர்க்க இடம் விட்டிருந்தாய். நீளப் பக்கத்தில் மட்டும் நடுவில் இரண்டு சக்கரம், ஒரு பெல்ட். ஏன் ஒரு பக்கத்துக்கு மட்டும்? பிழையாகப் பூட்டிவிட்டாய் என்று நினைத்துக் கழற்றி எறிந்தேன். ஓட்டினால், பாரமான குறுக்குச் சட்டம் பாதி தூரத்தில் கடகடத்து நின்றது.

"பைத்தியக்காரன்! ஒரு வரி எழுதி வெச்சிருக்கக் கூடாதா?" என்று கத்திவிட்டேன். ரிஸானா வாசலில் நின்றாள்.

"அவர் இருந்தா இப்படிச் சொல்லியிருப்பீங்களா, நானா?"

"ஓம்... இதைவிட மோசமாச் சொல்லியிருப்பன்."

அவள் சிரித்தாள். நீ போன பிறகு அதுதான் முதல் தடவை.

கடைசியாக நீ போன் எடுத்தது நினைவிருக்கிறதா? "ஒருக்கா வந்து பாரு மச்சான், ஒரு விஷயம் இரிக்கி" என்றாய். நான் ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். நாளைக்கு வாறன் என்றேன். என்ன விஷயம்? இந்தச் சக்கரமா? நெஞ்சு நோகிறது என்றா சொல்ல இருந்தாய்?

சக்கரத்தைத் திருப்பிப் பூட்டினேன். சட்டம் வழுக்கிக்கொண்டு ஓடியது. முப்பது சென்டிமீட்டர் வட்டம் வெட்டச் சொன்னோம். முட்டை வந்தது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரிஸானா தைக்கும்போது கழுத்தில் போடும் அளவு நாடாவோடு வந்தாள்.

"இந்தப் பக்கம் முப்பது, அந்தப் பக்கம் இருபது" என்றாள். பிறகு குனிந்து சக்கரத்தின் பல்லை எண்ணினாள். "மோட்டாரில இருபது, ஸ்க்ரூவில முப்பது. மோட்டார் ஒண்டரை சுத்துச் சுத்தினாத்தான் ஸ்க்ரூ ஒண்டு சுத்தும். எவ்வளவு நகர மோட்டார் எவ்வளவு சுத்தணும் எண்டு கொன்ட்ரோலர்ல ரெண்டு பக்கத்துக்கும் ஒரே நம்பரா குடுத்தீங்க?"

ஒரே நம்பர்தான் கொடுத்திருந்தேன். நீளப் பக்கத்து நம்பரை ஒன்றரை மடங்காக்கினாள். வட்டம் வட்டமாகவே வந்தது. பாரம் இழுக்கிற பக்கத்துக்குத்தான் நீ பலம் கூட்டியிருக்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் தெளிந்துவிடவில்லை. பகல் வெயிலில் சில நேரம் டிரைவர் சும்மா நின்றுவிடுகிறது. சூடா, உப்புக் காற்றா? கொப்பியில் தேடினேன், இல்லை.

நேற்று பாஸ் வந்து பன்னிரண்டு பலகையையும் ஏற்றினார். போகும்போது, "இந்த மெஷின் யாருட?" என்று கேட்டார். உன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன்.

"என்ட" என்றாள் ரிஸானா.

எனக்குச் சுருக்கென்றது. பிறகு சந்தோஷமாகவும் இருந்தது. எது சரி என்று இன்றைக்கும் தெரியவில்லை, மச்சான். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். இனி உன் மனைவியிடம் கேட்காமல் அதில் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டேன். அவள் கூப்பிட்டால், நாளைக்கு என்று சொல்லவும் மாட்டேன்.

துஆவோடு,
உன் ரிஸானாவின் நானா,
நஸீர்