பிரித்தது நீங்கள், எடுப்பது நான்

அக்கா,

நேற்று உங்கள் மகன் அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். உங்கள் கருமாதிக்கு வந்த கூட்டமெல்லாம் போன பிறகு அலமாரியை ஒழித்தார்களாம். "சித்தி, இது ஒங்களுதுதான, அம்மா ஒங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாங்க" என்றான். மூடியைத் திறந்தேன். பழம்புளி வாசனை முகத்தில் அடித்தது. அட்டையிலும் காயிலும் பகடையிலும் இத்தனை வருஷமாக ஏறிய வாசனை அது. உள்ளே நம் தேன்கூட்டுக் கட்டம் போட்ட வரைபடம் நாலாக மடித்திருந்தது. அதன்மேல் இரண்டு துணிப்பைகள், வாய் கட்டி. ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. அவிழ்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

நீங்கள் எனக்கு அக்கா ஆனது வயதால் அல்ல. ஒரு வயதுகூட மூப்பில்லை. மூத்தவரைக் கட்டிக்கொண்டு ஏரியூரிலிருந்து வந்தீர்கள், இளையவரைக் கட்டிக்கொண்டு நான் தொப்பூரிலிருந்து வந்தேன், அவ்வளவுதான். கடத்தூரில் நம் தெருவே நாம் எப்போது முடியைப் பிடித்துக்கொள்வோம் என்று காத்திருந்தது. ஓரகத்திகள் ஒரே அடுப்பில் சமைத்தால் வேறென்ன நடக்கும்? அத்தை வேறு உங்கள் களியைச் சாப்பிடும்போது என் குழம்பைப் புகழ்வார், என் களியைச் சாப்பிடும்போது உங்கள் குழம்பைப் புகழ்வார்.

அந்தப் பெட்டி என் தம்பியால் வந்தது. லாரியில் கிளீனராகப் போய்க்கொண்டிருந்தவன், பெங்களூரில் நடைபாதைக் கடையில் வாங்கினானாம். ஏதோ சீமை விளையாட்டு. பாதிக் காய்கள் இல்லை. விதிப் புத்தகத்தில் முதல் சில பக்கங்கள் தவிர மீதியைக் கரையான் தின்றிருந்தது. என் பியூசி இங்கிலீஷை வைத்துக்கொண்டு படைகள் எப்படி நகரும், எப்படி வெட்டும் என்பதுவரை படித்துச் சொன்னேன். யாருக்கு எந்தப் படை என்பது கரையானோடு போய்விட்டது. அரக்கர்கள் இருந்தார்கள், குதிரைக்காரர்கள் இருந்தார்கள், கூன் விழுந்த ஒரு மந்திரக்காரி இருந்தாள். குள்ளர் படையைக் காணோம். நீங்கள் தரையில் கிடந்த புளியங்கொட்டைகளை அள்ளி வைத்து, "இவனுங்கதான் குள்ளனுங்க, இனிமே" என்றீர்கள்.

அப்புறம் அந்த ரெக்கைப் பாம்பு. நெருப்புக் கக்கும், ஆற்றையும் மலையையும் தாண்டிப் பறக்கும். அதுதான் நமக்கு முதல் சண்டையைக் கொண்டுவந்தது.

மத்தியானச் சோற்றுக்கும் மாடு திரும்புவதற்கும் நடுவில், புளி குவித்திருந்த அறையில் ஆடினோம். பகடை போட்டுப் பெரிய எண் விழுந்தவர் முதலில் காய் எடுப்பது என்று வைத்திருந்தோம். யாருக்கு விழுந்தாலும் முதலில் எடுப்பது பாம்பைத்தான். அதை எடுத்தவர் ஜெயிப்பார். உங்களுக்கே விழுந்துகொண்டிருந்தது. ஒரு நாள் நான் கட்டத்தைக் கவிழ்த்துவிட்டு எழுந்தேன். "இது ஆட்டமே இல்லீங்க. பாம்பு யார்கிட்ட இருக்குதோ அவங்கள கும்பிட்டுட்டுப் போவ வேண்டியதுதான்" என்று கத்தினேன். நீங்கள் சிதறிய கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினீர்கள்.

"எங்கூர்ல அண்ணன் தம்பி பாகம் பிரிச்சா, மூத்தவன் பிரிப்பான், எளையவன் மொதல்ல எடுப்பான். எளையவன் எதை எடுப்பான்னு தெரியாததால மூத்தவன் ஒழுங்காப் பிரிப்பான். அப்பிடி வெச்சிக்கலாமா, புள்ள? ஒருக்கா நான் பிரிக்கறேன், நீ எடு. அடுத்த ஆட்டம் நீ பிரி, நான் எடுக்கறேன்."

முதல் ஆட்டத்துக்கு நீங்கள் பிரித்தது இன்றும் கண்ணில் நிற்கிறது. ஒரு பக்கம் ரெக்கைப் பாம்பு மட்டும், தன்னந்தனியாக. மறுபக்கம் மற்ற எல்லாம். நான் சிரித்துக்கொண்டே பாம்பை எடுத்தேன். உங்கள் புளியங்கொட்டைக் குள்ளர்கள் ஊர்ந்து ஊர்ந்து வந்து, பாம்பு இறங்கக்கூடிய கட்டத்தையெல்லாம் அடைத்தார்கள். "பறக்கறது எறங்கித்தானே ஆவணும்" என்றீர்கள். அன்று நான் இராத்திரிச் சோறு சாப்பிடவில்லை.

மறுநாள் என் முறை. பாம்போடு மந்திரக்காரியைச் சேர்த்தேன். நீங்கள் அதை எடுத்து என்னைத் துவைத்துவிட்டீர்கள். அதற்கடுத்து நீங்கள் குதிரையைக் குறைத்தீர்கள், நான் அரக்கனைக் கூட்டினேன். அந்தப் புளிக்காலம் முழுக்க நாம் செய்தது அதுதான். ஆடியதைவிடப் பிரித்ததுதான் அதிகம். ஒரு சமயம் நான் பிரிக்கத் தெரியாமல் விழித்தபோது நீங்கள் சொன்னதை எங்கேயும் படித்ததில்லை: "எது மிஞ்சினாலும் அழமாட்டேன்னு ஒனக்கே தோணணும். அதுவரைக்கும் கையெ எடுக்காத."

நானும் சும்மா இருக்கவில்லை. உங்களை உற்றுப் பார்த்தே ஒன்று கண்டுபிடித்தேன். பங்கில் ஏதாவது பொறி வைத்திருந்தால் உங்கள் வலது கை இடது கை வளையலைத் திருகிக்கொண்டிருக்கும். அதை உங்களிடம் கடைசிவரை சொல்லவில்லை. அதை வைத்தே உங்களைப் பலமுறை தோற்கடித்தேன். தோற்றால் நீங்கள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வீர்கள், ரசத்தில் உப்பு கூடும். பெரிய மனசுக்காரி என்றெல்லாம் உங்களைப் பற்றி இப்போது பேசுகிறார்கள். அவர்கள் உங்களோடு ஆடியதில்லை.

மாமனார் போன பிறகுதான் உண்மையான பாகம் வந்தது. கிணற்றுக்காடு ஒன்று, மேட்டுக்காடு ஒன்று, வீடு ஒன்று, கிணறு ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுக்காரர் கோடு போடுவார், என் வீட்டுக்காரர் கோடு கோணல் என்பார். கிணற்றைப் பாதியாக வெட்ட முடியாதே. அண்ணன் தம்பி பேச்சு நின்றது. பிறகு பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவது நின்றது. ஒரு நாள் என் வீட்டுக்காரர் என்னிடம், "அவங்களோட இனிமே பேச்சு வெச்சிக்காத" என்றார். அன்று மத்தியானம் புளி அறைக்கு நான் வரவில்லை. நீங்களும் வரவில்லை என்று பிறகு தெரிந்தது. நிலம் யாருக்குப் போனால் என்ன, அந்த அறை போய்விடுமே என்றுதான் எனக்குக் கவலை.

பெரியவர்கள் வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்கள். நிலைப்படியில் நின்றிருந்த நீங்கள் திடீரென்று முன்னால் வந்தீர்கள்.

"நீங்க ரெண்டு பேரும் கோடு போட்டுக்கிட்டே இருங்க, காடு தரிசாப் போவட்டும். நான் பிரிக்கறேன். எளையவ எடுக்கட்டும்."

"பொம்பளைங்க பாகம் பிரிக்கறதா? எங்கியாச்சும் உண்டாம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

"நாங்க தெனமும் அதான் பண்ணிக்கிட்டு இருக்கோமுங்க" என்றீர்கள். யாருக்கும் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

நீங்கள் பிரித்தீர்கள். கிணற்றுக்காடும் கிணறும் மோட்டாரும் ஒரு பக்கம். மேட்டுக்காடும் அதிலிருந்த புளியமரங்களும் வீடும் மாடுகளும் மறுபக்கம். கிணற்றைத் துண்டு போடவில்லை, தண்ணீருக்கு முறை வைக்கவில்லை. ரெக்கைப் பாம்பைத் தனியாக வைத்த அதே பிரிப்பு. கூட்டம் என்னைப் பார்த்தது. நான் உங்கள் கையைப் பார்த்தேன். வளையல் அசையவில்லை. இரண்டு கைகளும் பக்கத்தில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

"கெணறு" என்றேன்.

நீங்கள் அழவில்லை. உங்கள் வீட்டுக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், "முடிஞ்சிதுங்க" என்று அடக்கிவிட்டீர்கள். அத்தை யார் பங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டோடு உங்களிடம் வந்துவிட்டார். அந்த ஒரு காயைக் கணக்கில் எடுக்காமல் பிரித்தீர்கள் என்று உங்களைக் கேலி செய்ய எனக்குப் பிறகு ரொம்ப நாள் கிடைத்தது. நாங்கள் கிணற்றுக்காட்டில் கொட்டகை போட்டுக்கொண்டு போனோம். பேச்சு நிற்கவில்லை. மத்தியானத்தில் நான் வரப்பேறி உங்கள் வீட்டுக்கு வருவேன். அந்த அறையும் அந்தப் பெட்டியும் இருந்த இடத்திலேயே இருந்தன.

பிறகு மழை நின்றது. ஒரு வருஷம் பொறுத்தோம். அடுத்த வருஷமும் இல்லை. நம் பக்கத்தில் யார் கிணற்றிலும் தண்ணீர் இல்லை. எங்கள் மோட்டார் காற்றை இழுத்து உறுமிவிட்டு நின்றது. நாற்றங்கால் பொரிந்தது. உங்கள் மேட்டுக்காட்டில் புளியமரங்கள் மட்டும் மழையைக் கேட்காமல் காய்த்துத் தொங்கின. வழக்கம்போல் ஆட வந்தவள், நீங்கள் புளி தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் வெடித்துவிட்டேன்.

"தெரிஞ்சிதான பிரிச்சீங்க? பாம்ப எனக்குத் தள்ளிட்டு குள்ளன வெச்சிக்கிட்டீங்க!"

"மழையவுமா நான் பிரிச்சேன்?" என்றீர்கள். கோபத்தில் உங்கள் குரலும் ஏறியிருந்தது. கையிலிருந்த புளியைக் கீழே போட்டீர்கள். அப்புறம் சொன்னீர்கள்:

"சரி. போன தடவை நான் பிரிச்சேன். இது ஒன் மொறை. எல்லாத்தையும் ஒண்ணாப் போடு. காடு, வூடு, கெணறு, மரம். நீ பிரி. நான் எடுத்துக்கறேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று உங்கள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்ட பாகத்தை யார் அப்படித் திருப்பிப் போடுவார்கள்? உங்கள் வீட்டுக்காரர் கேட்டிருந்தால் கொன்றிருப்பார்.

கொட்டகைக்குத் திரும்பி, வறண்ட கிணற்று மேட்டில் உட்கார்ந்து, மனசுக்குள் பிரித்துப் பார்த்தேன். கிணற்றோடு பாதி மரத்தைச் சேர்த்தேன். வீட்டைப் பிரித்து வைத்தேன். எப்படிப் பிரித்தாலும் நீங்கள் எதை எடுப்பீர்கள் என்று எனக்குத் தெரிந்திருந்தது. வறண்ட கிணறு எந்தப் பக்கமோ அதைத்தான் எடுப்பீர்கள். அப்படி எடுத்தால் மிஞ்சியதை வைத்துக்கொண்டு நான் அழுவேன். ஆகையால் அந்தப் பாகம் செல்லாது. நீங்கள் சொன்ன விதிதான்.

மறுநாள் வந்து, "என்னால பிரிக்க முடியலீங்க" என்றேன்.

"அப்ப உக்காரு" என்றீர்கள். காய்களை அடுக்கினீர்கள். நடுவில் நிமிராமலே, "மழை வர்ற வரைக்கும் ஓடையோரத்து மரங்க ஒன்னுது. வந்ததும் திருப்பிக் குடுத்துடணும், பாத்துக்க" என்றீர்கள். மழை வந்தது, மரங்களைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றைய ஆட்டத்திலும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள், ஈவு இரக்கமே இல்லாமல்.

இப்போதும் என் வீட்டில் எதைப் பங்கு போட்டாலும் ஒருத்தி பிரிப்பாள், மற்றவள் எடுப்பாள். மகள்கள் என் நகைகளைக்கூட அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். சண்டை இல்லை. எங்கிருந்து வந்த பழக்கம் என்று பேரப்பிள்ளைகள் கேட்டால், பெரியாயா ஒருத்தி குள்ளர் படையை வைத்துப் பாம்பைப் பிடித்த கதையைச் சொல்கிறேன். நம்புவதில்லை.

உங்கள் மகன் போகும்போது வாசலில் நின்று சொன்னான்: "ஆசுபத்திரிக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி அம்மா இதைத்தான் பிரிச்சி பிரிச்சிக் கட்டிக்கிட்டு இருந்தாங்க, சித்தி. எளையவ வந்தா எடுக்கச் சொல்லுன்னாங்க."

இன்று மத்தியானம், நாம் ஆடும் நேரத்தில், இரண்டு பைகளையும் அவிழ்த்துக் கொட்டினேன். ஒரு பக்கம் ரெக்கைப் பாம்பும் கொஞ்சம் குதிரைக்காரர்களும். மறுபக்கம் மந்திரக்காரி, அரக்கர்கள், உங்கள் குள்ளர்கள். பொறி எங்கே என்று தேடினேன். வளையலைப் பார்க்க வழியில்லை. வெகுநேரம் பார்த்தும் இதற்கு அது ஒரு கொட்டைகூடக் கூடுதல் இல்லை அக்கா. இத்தனை வருஷத்தில் இவ்வளவு சரியாக நீங்கள் பிரித்ததே இல்லை.

குள்ளர்கள் இருந்த பங்கை எடுத்துக்கொண்டேன். பாம்பையும் குதிரைக்காரர்களையும் மறுபடி பச்சைப் பையில் போட்டு வாயைக் கட்டி, கட்டத்தின் அந்தப் பக்கம், நீங்கள் உட்காரும் பக்கம் வைத்தேன்.

எது மிஞ்சினாலும் அழக்கூடாது என்பது பிரிக்கிறவருக்கு நாம் வைத்த விதி. எடுக்கிறவளுக்கு அப்படி ஒன்றும் வைக்கவில்லை.